பாப்பாவுக்குப் பரிசோதனை

அன்று அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வந்திருந்தது. குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். உயரம் அளந்தார்கள். எடை போட்டார்கள். கண், காது, பல் எல்லாம் பார்த்தார்கள்.

பாப்பாவின் முறை வந்தது. அவளுக்கு நான்கு வயது. எடை 12 கிலோதான் இருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் மார்பில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மறுபடியும் கேட்டார்.

"பாப்பாவுக்கு அடிக்கடி சளி பிடிக்குமா அம்மா?"

"ஆமாங்க டாக்டர். மாசம் தவறாம வருது. கொஞ்ச தூரம் ஓடினாலும் மூச்சு வாங்குறா."

"இதயத்தில் ஒரு கூடுதல் சத்தம் கேட்கிறது. பயப்படாதீர்கள். இந்தச் சத்தம் கேட்டாலே நோய் என்று அர்த்தம் இல்லை. ஆனால் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருகிறேன்."

நம் ஊர்களில் இப்படிச் சீட்டு வாங்கும் குடும்பங்கள் பல. இந்தக் குடும்பத்துக்கு நடந்ததைப் பார்ப்போம். நமக்கும் அது உதவும்.

முதல் பயணம்

அடுத்த வாரம் அம்மா, அப்பா, பாட்டி மூவரும் பாப்பாவோடு புறப்பட்டார்கள். ஆஸ்பத்திரி என்று சொன்னால் பாப்பா அழுவாள். அதனால் "மாமா வீட்டுக்குப் போறோம்" என்று சொன்னார்கள். பாப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டாள். பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனையில் முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளைச் சட்டைக்காரரையும் ஊசியையும் பாப்பா பார்த்தாள். அலறினாள். கையை இழுத்துக்கொண்டாள். காலால் உதைத்தாள்.

"வலிக்கவே வலிக்காது" என்றாள் அம்மா.

"அழுதா இன்னொரு ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டினார் அப்பா.

ஊசி குத்தியது. வலித்தது. பாப்பா கையை உதறினாள். ஊசி விலகிவிட்டது. ரத்தம் எடுக்க முடியவில்லை. மறுபடியும் குத்த வேண்டும் என்றார்கள்.

பாட்டியால் பொறுக்க முடியவில்லை. "பிஞ்சுக் கையில எத்தனை தடவை குத்துவீங்க? போதும். வாங்க வீட்டுக்கு" என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஒரு பரிசோதனையும் நடக்கவில்லை. சீட்டு அலமாரியில் கிடந்தது. மூன்று மாதம் ஓடிப் போயிற்று. அதற்குள் பாப்பாவுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது. எடை ஏறவே இல்லை.

தவறு எங்கே?

அங்கன்வாடி டீச்சர் வீடு தேடி வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார்.

"பாப்பா ஊசிக்கு மட்டும் அழவில்லை" என்றார். "மாமா வீடு என்று சொன்னீர்கள். அது பொய். வலிக்காது என்று சொன்னீர்கள். அதுவும் பொய். அம்மா சொல்வதையே நம்ப முடியாவிட்டால் குழந்தை வேறு யாரை நம்பும்?"

அம்மா தலை குனிந்தாள். பிறகு கேட்டாள்: "உண்மையைச் சொன்னா பயப்படுவாளே டீச்சர்?"

"பயப்படுவாள். ஆனால் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்த பயம் சின்னது. திடீரென்று வரும் பயம்தான் பெரிது."

டீச்சர் சொன்னது சரிதான். குழந்தைக்கு ஊசி போடும்போது "வலிக்காது" என்று பொய் சொல்லக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

"ஊசி போட்டுவிடுவேன்", "டாக்டரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று நாம் வீட்டில் மிரட்டுகிறோம். குழந்தை சோறு சாப்பிடுவதற்காக அப்படிச் சொல்கிறோம். பிறகு அதே டாக்டரிடம் குழந்தையைக் கூட்டிப் போகிறோம். குழந்தை எப்படி அமைதியாக இருக்கும்? இந்த மிரட்டலை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

என்ன சொல்வது? எப்போது சொல்வது?

இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு அன்று காலையில் சொன்னால் போதும். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்கு முந்தின நாள் சொல்லலாம். பள்ளிக்குப் போகும் குழந்தைக்குச் சில நாள் முன்பே சொல்லலாம். அது கேள்வி கேட்கும். பதில் சொல்ல நேரம் வேண்டும்.

நீளமாகச் சொல்ல வேண்டாம். நான்கு செய்திகள் போதும். எங்கே போகிறோம்? எதற்காகப் போகிறோம்? அங்கே என்ன செய்வார்கள்? அம்மா எங்கே இருப்பாள்?

பாப்பாவின் அம்மா இந்த முறை இப்படிச் சொன்னாள்:

"கண்ணு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். உனக்கு ஏன் மூச்சு வாங்குதுன்னு டாக்டர் பார்ப்பாங்க. கையில ஒரு சின்ன ஊசி போட்டுக் கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க. நீ அம்மா மடியிலதான் உட்கார்ந்திருப்பே."

"வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்கும். கட்டெறும்பு கடிச்ச மாதிரி. நான் பத்து எண்ணுறதுக்குள்ள குறைஞ்சிரும். அழணும்னா அழுதுக்கோ. கையை மட்டும் ஆட்டாதே."

"அழுதா அப்பா திட்டுவாரா?"

"மாட்டேன் கண்ணு" என்றார் அப்பா.

அன்று மாலை இருவரும் டாக்டர் விளையாட்டு விளையாடினார்கள். மரப்பாச்சிப் பொம்மைதான் நோயாளி. பாட்டில் மூடியை அதன் மார்பில் வைத்துப் பாப்பா சத்தம் கேட்டாள். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி, கிண்ணத்தால் மெல்லத் தேய்த்தாள். அதுதான் ஸ்கேன். பொம்மை அழுதது. "கொஞ்சம்தான் வலிக்கும், கையை ஆட்டாதே" என்று பாப்பாவே அதற்குச் சொன்னாள்.

போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

சீட்டு எழுதும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா? எத்தனை மணி நேரம்? தண்ணீர், தாய்ப்பால் கொடுக்கலாமா?

எல்லாப் பரிசோதனைக்கும் வெறும் வயிறு தேவையில்லை. தேவையில்லாமல் குழந்தையைப் பட்டினி போட்டால் அது சோர்ந்துபோகும். அழுகையும் கூடும்.

ஆனால் பட்டினி என்று டாக்டர் சொல்லிவிட்டால் அதை மீறக் கூடாது. சில பரிசோதனைகளில் குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதற்காகத் தூக்க மருந்து கொடுப்பது உண்டு. அப்போது வயிற்றில் உணவு இருந்தால் வாந்தி வரலாம். வாந்தி மூச்சுக் குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகச் சோறு, இட்லி, பால் போன்றவற்றை 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

குழந்தை அழுகிறதே என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டாரா? அதை மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பரிசோதனை ஒரு நாள் தள்ளிப் போனால் பரவாயில்லை.

தூக்க மருந்தை வீட்டிலிருந்தே கொடுத்து அழைத்து வரக் கூடாது. அது டாக்டர் மட்டும் கொடுக்க வேண்டியது.

பையில் என்ன இருக்க வேண்டும்? பழைய சீட்டுகள், தடுப்பூசி அட்டை, குழந்தை சாப்பிடும் மருந்துகள், காப்பீட்டு அட்டை இருந்தால் அது, மாற்று உடை, தண்ணீர், பரிசோதனை முடிந்ததும் கொடுக்கத் தின்பண்டம், குழந்தைக்குப் பிடித்த ஒரு பொம்மை. பாப்பா தன் மரப்பாச்சியை எடுத்துக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை

"இவ்வளவு ரத்தம் எடுத்தா குழந்தை என்னத்துக்கு ஆகும்?" இது பாட்டியின் கவலை. பலருக்கும் இந்தக் கவலை உண்டு.

கணக்குப் பார்ப்போம். 12 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஏறக்குறைய 900 மில்லி ரத்தம் இருக்கும். சாதாரணப் பரிசோதனைக்கு எடுப்பது 2 முதல் 5 மில்லி. 5 மில்லி என்பது ஒரு டீஸ்பூன் அளவு. அதை உடல் தானாகவே ஈடு செய்துவிடும்.

அந்த ஒரு டீஸ்பூன் பல செய்திகளைச் சொல்லும். ரத்தசோகை இருக்கிறதா? கிருமித் தொற்று இருக்கிறதா? இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை.

ரத்தம் எடுக்கும்போது குழந்தையைப் படுக்கவைத்து நாலு பேர் அமுக்க வேண்டாம். மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒரு கையால் உடம்பை அணைத்துக்கொள்ளுங்கள். மறு கையால் ஊசி போடும் கையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கதை சொல்லுங்கள். பாட்டுப் பாடுங்கள். பெரிய குழந்தை என்றால், விளக்கை ஊதி அணைப்பதுபோல் நீளமாக ஊதச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுத்தால் வலி குறையும். வெறும் வயிறு என்று சொல்லியிருந்தால் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழும் குழந்தையின் வாயில் மிட்டாயோ வேர்க்கடலையோ போடாதீர்கள். மூச்சுக் குழாயில் அடைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் புது ஊசி பயன்படுத்த வேண்டும். புது ஊசிதானா என்று நீங்கள் கேட்கலாம். எடுத்து முடித்ததும் பஞ்சை இரண்டு, மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள்.

அன்று பாப்பா அழுதாள். ஆனால் கையை இழுக்கவில்லை. அம்மா எண்ணினாள். ஏழு எண்ணுவதற்குள் ஊசியை எடுத்துவிட்டார்கள்.

எண்ணைப் படித்த அம்மா

பரிசோதனைக் கூடத்தில் நல்ல கூட்டம். ரத்தக் குப்பியில் ஒரு சிறு தாளை ஒட்டினார்கள். பாப்பாவின் அம்மா அதை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள்.

"அண்ணா, சீட்டுல 417ன்னு இருக்கு. குப்பியில 471ன்னு இருக்குதே?"

அவர் வாங்கிப் பார்த்தார். "ஆமாம்மா. அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன். நல்லவேளை சொன்னீர்கள்" என்று உடனே திருத்தினார்.

ஓர் எண் மாறினால் என்ன ஆகும்? ஒரு குழந்தையின் முடிவு இன்னொரு குழந்தைக்குப் போகும். ஒரு குழந்தையின் நோய் தெரியாமல் போகும். இன்னொரு குழந்தைக்குத் தேவையில்லாத மருந்து கிடைக்கும்.

அந்த அம்மா எழுத்தறிவு மையத்தில் எழுத்தையும் எண்ணையும் கற்றவள். நாமும் கற்றிருக்கிறோம். சீட்டு, குப்பி, எக்ஸ்ரே படம், முடிவுத் தாள் எல்லாவற்றிலும் எண்ணைப் பாருங்கள். தேதியைப் பாருங்கள். பெயர் உங்களுக்குத் தெரிந்த எழுத்தில் இல்லாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிறுநீர், மலம்

சிறுநீரை மருத்துவமனை கொடுக்கும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய மருந்து பாட்டில் கூடாது. முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். குழந்தையின் உறுப்பையும் தண்ணீரால் கழுவுங்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். மலத்தோடு சிறுநீர் கலக்கக் கூடாது. பிடித்ததும் தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எக்ஸ்ரே

எக்ஸ்ரே எடுக்கும்போது வலிக்காது. இங்கே "வலிக்காது" என்று தைரியமாகச் சொல்லலாம். அது உண்மை. ஒரு நொடி அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மார்பை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் சங்கிலி, தாயத்து, ஊக்கு இவற்றைக் கழற்றிவிடுங்கள். அவை படத்தில் விழுந்து உள்ளே இருப்பதை மறைக்கும். பரிசோதனை முடிந்ததும் தாயத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

கர்ப்பமாக இருக்கும் பெண் எக்ஸ்ரே அறைக்குள் நிற்கக் கூடாது. அப்பாவோ வேறு ஒருவரோ குழந்தையோடு நிற்கலாம்.

ஈ.சி.ஜி.யும் எக்கோவும்

ஈ.சி.ஜி. எடுக்கும்போது மார்பிலும் கை கால்களிலும் கம்பிகளைப் பொருத்துவார்கள். "கரண்ட் வைக்கிறாங்க" என்று சிலர் பயப்படுவார்கள். இந்தக் கருவி உடலுக்குள் மின்சாரம் செலுத்துவது இல்லை. இதயத்தில் இயற்கையாகவே மிகச் சிறிய அளவு மின்சாரம் உண்டாகிறது. அதைத்தான் கருவி தாளில் கோடாக வரைகிறது.

எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். மார்பில் குளிர்ச்சியான பசை தடவுவார்கள். ஒரு சிறு கருவியை அதன் மேல் நகர்த்துவார்கள். காதுக்குக் கேட்காத ஒலி அலை உள்ளே போய்த் திரும்பி வரும். அதனால் இதயம் துடிப்பது திரையில் தெரியும். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. வலியும் இல்லை.

பாப்பா பசையைத் தொட்டுப் பார்த்தாள். "எண்ணெய் மாதிரி ஜில்லுனு இருக்கு" என்றாள். மரப்பாச்சியின் மார்பிலும் ஒரு துளி தடவச் சொன்னாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே தடவிவிட்டார்.

பக்கத்தில் இருப்பதே மருந்து

ஒரு பழைய செய்தி. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மருத்துவமனையில் இருக்கும் குழந்தையோடு தாயைத் தங்கவிட மாட்டார்கள். பார்க்க வரவும் நேரக் கட்டுப்பாடு இருந்தது. தாயைப் பார்த்தால் குழந்தை அழுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ஆம் ஆண்டு ஒரு படம் வெளியிட்டார். மருத்துவமனையில் எட்டு நாள் இருந்த ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் படம் அது. தாயைப் பிரிந்த குழந்தை எப்படி வாடிப்போகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். 1959-ஆம் ஆண்டு அந்நாட்டில் ஒரு அரசுக் குழு, பெற்றோர் வந்து பார்க்கத் தடை கூடாது என்று பரிந்துரைத்தது. சின்னக் குழந்தையோடு தாய் தங்க வசதி வேண்டும் என்றும் கூறியது.

நம் நாட்டில் தாய் கூடவே தங்குவது வழக்கம். அது நல்ல வழக்கம். ஆனால் பக்கத்தில் இருந்துகொண்டே நாம் அழுதால் குழந்தையின் பயம் கூடும். உங்களுக்கு அழுகை வந்தால் சிறிது நேரம் வேறு ஒருவரிடம் குழந்தையைக் கொடுங்கள். வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி வாருங்கள்.

கேட்பது நம் உரிமை

இந்தப் பரிசோதனை எதற்கு? செலவு உண்டா? முடிவு எப்போது வரும்? யாரிடம் காட்ட வேண்டும்? இவற்றை எல்லாம் கேட்க நமக்கு உரிமை உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளிகளின் உரிமைகளைப் பட்டியலாகத் தந்துள்ளது. விளக்கம் கேட்பதும், பரிசோதனை முடிவைப் பெறுவதும், வேறு ஒரு டாக்டரின் கருத்தைக் கேட்பதும் அதில் உள்ளன.

பணம் இல்லையே என்று பரிசோதனையை நிறுத்த வேண்டாம். 2013-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தத் திட்டம். இதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் குழு கண்டுபிடிக்கும். மேல் சிகிச்சைக்கு இலவசமாக அனுப்பும். 2018-ஆம் ஆண்டு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் வந்தது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை இதில் கிடைக்கும். அங்கன்வாடி டீச்சரிடம் விவரம் கேளுங்கள்.

முடிவு வந்தது

டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் உட்காரச் சொன்னார். ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார்.

"இதயத்தின் நடுச்சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிறக்கும்போதே இருந்தது. இது யாருடைய குற்றமும் இல்லை. சிலருக்குச் சின்ன ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும். பாப்பாவின் ஓட்டை கொஞ்சம் பெரியது. இதை மூட வேண்டும். காலில் உள்ள ரத்தக் குழாய் வழியாகவே மூட முடியுமா, அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று பெரிய மருத்துவமனையில் முடிவு செய்வார்கள். கடிதம் தருகிறேன்."

அம்மாவின் கண் கலங்கியது. "மூணு மாசம் வீணாக்கிட்டோமே டாக்டர்" என்றாள்.

"இப்போது வந்துவிட்டீர்கள். சரியான நேரம்தான். இனித் தள்ளிப் போடாதீர்கள்."

பாட்டி எல்லாத் தாள்களையும் அடுக்கி ஒரு பையில் வைத்தார். அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டார்.

பேருந்தில் பாப்பா கேட்டாள்: "மறுபடியும் வரணுமா அம்மா?"

அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "ஆமாம் கண்ணு. வரணும். இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நானும் உன் கூடவே இருப்பேன்."

பாப்பா மரப்பாச்சியைக் கட்டிக்கொண்டு அம்மா மடியில் தூங்கிப்போனாள்.

நினைவில் வைப்போம்

1. குழந்தையிடம் உண்மையைச் சொல்வோம். எளிய சொல்லில் சொல்வோம்.

2. ஊசியையும் டாக்டரையும் காட்டி மிரட்ட மாட்டோம்.

3. பரிசோதனையின்போது பக்கத்தில் இருப்போம். அழுதால் திட்ட மாட்டோம்.

4. வெறும் வயிறா என்று முன்பே கேட்போம். சொன்னபடி நடப்போம்.

5. சீட்டிலும் குப்பியிலும் எண்ணைச் சரிபார்ப்போம்.

6. எல்லாத் தாள்களையும் ஒரே பையில் வைப்போம்.

7. பரிசோதனையைப் பாதியில் விட மாட்டோம்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் வீட்டில் குழந்தைக்கு ஊசி போட்டபோது என்ன சொன்னீர்கள்? அடுத்த முறை என்ன சொல்வீர்கள்?

உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது? விசாரித்துத் தேதியை எழுதி வையுங்கள்.